தினம் ஒரு மணி நேரம்: பாட்டா, ஓட்டமா, பட்டமா, பாடம் சொல்லித்தருவதா?

வீட்டுக் கடனில் பாதி அடைந்துவிட்டது. பிள்ளை தானாகக் குளித்துக் கிளம்பிப் பள்ளிக்கூட வேனில் ஏறுகிறது. ஆபீஸ் வேலை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்கிற அளவுக்குப் பழகிவிட்டது. முப்பத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில் பலருக்கு இப்படி ஒரு கட்டம் வருகிறது. பல வருஷங்களுக்குப் பிறகு தினம் ஒரு மணி நேரம் சொந்தமாகக் கிடைக்கிறது. "இப்படியே இருந்துடக் கூடாது, ஏதாவது உருப்படியா செய்யணும்" என்ற பேச்சு தொடங்குவதும் அப்போதுதான். அடுத்த மாதமே ஒருவர் பாட்டு வகுப்பில் சேர்கிறார். இன்னொருவர் ஓடுவதற்கு ஷூ வாங்குகிறார். ஒருவர் தொலைநிலைப் படிப்புக்குப் பணம் கட்டுகிறார். இன்னொருவர் தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கணக்குச் சொல்லித்தரத் தொடங்குகிறார்.

நாலும் நல்ல காரியம்தான். ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒன்றுக்குத்தான் இடம். அதனால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு. தினம் என்று சொன்னாலும் வருஷத்தில் 365 நாளும் நடக்காது. பண்டிகை, கல்யாணம், காய்ச்சல், மாதக் கடைசி நெருக்கடி எல்லாம் போக 250 நாள் தேறினால் பெரிது. இரண்டு வருஷத்துக்கு 500 மணி நேரம். அந்த 500 மணி நேரத்தின் முடிவில் கையில் என்ன இருக்கும் என்று கேட்டால் ஓட்டக்காரருக்கு ஒரு மெடல், படிப்பாளிக்கு ஒரு சான்றிதழ், பாட்டுக்காரருக்கு நாலைந்து கீதம். பாடம் சொல்லித்தருபவர் கையில் எதுவும் இருக்காது. இப்படி ஒப்பிடுவதுதான் வழக்கம். இது தப்பான கணக்கு என்பது என் கட்சி. மெடல் வாங்குவது ஒரு நாள் காரியம். அதற்கு முன்னால் இருக்கிற 500 மணி நேரமும் உங்களைத் திரும்பத் திரும்ப ஒரே காரியத்தைச் செய்ய வைக்கிறது. ஆள் மாறுவது அங்கேதான். ஆகவே ஒவ்வொன்றிலும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் நிஜமாக என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. ஒன்றைப் பழகினால் எல்லாவற்றிலும் புத்தி கூர்மையாகிவிடும் என்று நாம் எளிதாக நம்பிவிடுகிறோம். பாட்டுக் கற்றால் பொறுமை வரும், ஓடினால் மன உறுதி வரும், செஸ் ஆடினால் கணக்கு வரும் என்கிறோம். லத்தீன் படித்தால் மூளை பொதுவாகவே பட்டை தீட்டப்படும் என்று மேல்நாட்டுப் பள்ளிகளும் ஒரு காலத்தில் நம்பின. 1901-இல் தார்ன்டைக், உட்வொர்த் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு வகை வடிவங்களின் பரப்பைக் கண்ணால் மதிப்பிடச் சிலருக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு, வேறு அளவிலும் வேறு வடிவிலும் இருந்தவற்றைக் கொடுத்தார்கள். பழகியதில் தேர்ந்தவர்களுக்கு மற்றதில் கிடைத்த பலன் கொஞ்சம்தான். பழகும் காரியத்துக்கும் வாழ்க்கையில் வேண்டிய காரியத்துக்கும் நெருங்கிய ஒற்றுமை இருந்தால்தான் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாயும். மைதானத்தில் ஓடி ஓடி வளர்த்த பொறுமை மாமனார் வீட்டுப் பேச்சுவார்த்தைக்கு உதவும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

இன்னொன்று, பழக்கம் எதையாவது எடுத்துக்கொண்டுதான் கொடுக்கும். லண்டனில் கறுப்பு டாக்சி ஓட்ட உரிமம் வாங்க வேண்டுமென்றால் சாரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் மூன்று நான்கு வருஷம் ஆகும். யூனிவர்சிட்டி காலேஜ் லண்டன் ஆய்வாளர்கள் அப்படிப் பயிற்சியில் சேர்ந்த 79 பேரைத் தொடர்ந்து கவனித்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். தேறிய 39 பேருக்கு மூளையில் இட நினைவுக்கான ஹிப்போகேம்பஸின் பின்பகுதி வளர்ந்திருந்தது. தேறாதவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. அதே தேறியவர்கள், ஒரு சிக்கலான படத்தைப் பார்த்துவிட்டுச் சற்றுநேரம் கழித்து நினைவிலிருந்து வரையச் சொன்னபோது மற்றவர்களைவிடச் சுமாராகத்தான் செய்தார்கள். எனவே எந்த வகுப்பில் சேரும் முன்பும், இது என்னிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளும் என்று ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது.

சரி, பாட்டிலிருந்து தொடங்கலாம்.

கர்நாடக வாய்ப்பாட்டில் எட்டு வயதுப் பிள்ளைக்கும் நாற்பது வயது மேனேஜருக்கும் முதல் பாடம் ஒன்றுதான்: மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, அதாவது ஏழு ஸ்வரங்களை ஏற்றியும் இறக்கியும் பாடும் பயிற்சி. இந்தப் பாட வரிசையை வகுத்தவர் புரந்தரதாசர் என்பார்கள். ஆதி தாளம், எட்டு எண்ணிக்கை. தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. ஒன்றாம் காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நாலு. கை தன் வேகத்தை மாற்றாது, வாய் மட்டும்தான் வேகமாகும். கேட்க எளிதாக இருக்கும். மூன்றாம் காலத்தில் கையும் சேர்ந்து ஓடத் தொடங்கும்போதுதான் தெரியும்.

ஆனால் பெரியவர்களுக்கு உண்மையான சோதனை தாளத்தில் வருவதில்லை, ரிஷபம் என்கிற 'ரி' ஸ்வரத்தில் வருகிறது. மாயாமாளவகௌளையின் ரி, ஸட்ஜத்துக்கு, அதாவது 'ஸ'வுக்கு, ஒட்டினாற்போல் இருக்கும். அதிலிருந்து காந்தாரத்துக்கு, அதாவது 'க'வுக்கு, ஒரு பெரிய தாவல். முப்பது வருஷம் சினிமாப் பாட்டு முணுமுணுத்த தொண்டை அந்த ரி-யை ஒரு பிசிறு மேலே தூக்கிவிடும். "ரி ஏறுது" என்பார் டீச்சர். திரும்பப் பாடுவோம். "இன்னும் ஏறுது." நமக்கு வித்தியாசமே தெரியாது. பல வாரம் இப்படிப் போகும். ஒரு நாள் டீச்சர் வாயைத் திறப்பதற்கு முன்பே தம்பூராவோடு ஒட்டாமல் உரசுவது நம் காதுக்கே கேட்டுவிடும். அந்த மணி நேரம் உங்களுக்குள் வளர்ப்பது இதைத்தான்: தன் பிழையை அது நடக்கும்போதே, அடுத்தவர் சொல்வதற்கு முன்பே பிடிக்கிற காது. குரல் இனிமையாவதும் மேடையேறுவதும் வேறு விஷயம். 500 மணி நேரத்தில் பலர் கீதங்களைக் கடந்து வர்ணம் என்ற பெரிய பாட்டு வகையின் வாசல் வரை வரலாம், அவ்வளவுதான்.

பாட்டு எடுத்துக்கொள்வது என்ன? முதலில் மானம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை அடுத்த பாடமான ஜண்டை வரிசைக்குப் போய்விடும், நீங்கள் சரளியிலேயே இருப்பீர்கள். ஆபீஸில் இருபது பேரை மேய்ப்பவருக்கு இது கசக்கும்; அந்தக் கசப்பைத் தாங்குவதே பாதிப் பயிற்சி என்பேன். அடுத்தது, சங்கீதம் தெரியாமல் கேட்ட சுகம். காது கூர்மையானதும் பழைய சந்தோஷங்களில் சில போய்விடும், மேடைக் கச்சேரியில் சுருதி விலகினால் சட்டென்று முகம் சுளிக்கும். மூன்றாவது, இது ஆசிரியரை நம்பியிருக்கும் கலை. யூடியூபைப் பார்த்துத் தனியாகப் பழகினால் பிழையும் சேர்ந்தே பழகிவிடும். அதைப் பிறகு கழற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம்.

ஓட்டத்தில் இந்தத் தொல்லை இல்லை. குரு வேண்டாம், ஷூ ஒன்றுதான் பெரிய செலவு, கதவைத் திறந்தால் ரோடு. சென்னையில் பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் காலை ஐந்தரைக்குப் போய்ப் பாருங்கள், ஒரு தனி ஊரே நடமாடிக்கொண்டிருக்கும்.

ஓட்டம் ஆளை மாற்றுவது ஓடும்போது என்பதைவிட முந்தின ராத்திரி என்று சொல்வதுதான் சரி. சென்னையின் புழுக்கத்தில் ஏழு மணிக்கு மேல் நீண்ட தூரம் ஓடுவது வதை. ஆகவே ஐந்து மணிக்கு எழ வேண்டும், அதற்குப் பத்து மணிக்குப் படுக்க வேண்டும், அதற்கு எட்டு மணிக்குச் சாப்பிட்டு முடிக்க வேண்டும். ஒரு மணி நேர ஓட்டம் பின்னோக்கி உங்கள் சாயங்காலம் முழுவதையும் வரிசைப்படுத்திவிடுகிறது. தூக்கம் கெட்டு, சாப்பாட்டு நேரம் கெட்டு இருக்கிற ஆளுக்கு இதைவிடச் சிறந்த மருந்து கிடையாது. இந்த நாலில் உடம்பைத் தொடுவது இது ஒன்றுதான்.

புதிதாக ஓடுபவர்கள் அடிபடுவது பெரும்பாலும் அவசரத்தால். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் ஆரம்பக்காரருக்குச் சரியான வேகம். வாரத்துக்கு வாரம் தூரத்தைப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்பது ஓட்டக்காரர்களுக்குள் புழங்கும் ஒரு குத்துமதிப்பு விதி. இரண்டையும் எல்லாரும் சொல்வார்கள், கேட்பவர்கள் கொஞ்சம். ஏனென்றால் கையில் வாட்ச் இருக்கிறது. ஓட்டத்தின் ஆபத்து முழங்காலில் இல்லை, அந்த வாட்ச்சில் இருக்கிறது. கிலோமீட்டருக்கு எத்தனை நிமிஷம், போன வாரத்தைவிட எத்தனை நொடி குறைவு, குழுவில் போட்ட ஸ்கிரீன்ஷாட்டுக்கு எத்தனை கட்டைவிரல் என்று போகும் இந்தக் கணக்கில் உருவாகும் ஆள், தன்னைத் தினம் அளந்துகொள்கிற ஆள். ஆபீஸில் ஏற்கெனவே டார்கெட்டும் ரேட்டிங்குமாக வாழ்பவர் ஓய்வு நேரத்திலும் அதையே பழகினால் எதிலிருந்து எதற்கு மாறினார்? வாட்ச் இல்லாமல் ஓடத் தயார் என்றால் ஓட்டத்துக்கு என் ஓட்டு உண்டு. மராத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரை ஓடி முடிக்க வேண்டும் என்பதற்காக மட்டும் என்றால், மெடல் கழுத்தில் விழுந்த மறுவாரம் ஷூ பரணுக்குப் போய்விடும்.

தொலைநிலைப் பட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இலிருந்து இருக்கிறது, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல் வந்தது. படிப்பு நின்றுபோன எத்தனையோ பேருக்கு, குறிப்பாகக் கல்யாணத்தோடு படிப்பை விட்ட பெண்களுக்கு, இவை திறந்துவிட்ட கதவு பெரியது. பதவி உயர்வுக்கு எம்.ஏ. வேண்டும், ஆசிரியர் வேலைக்குப் பட்டம் வேண்டும் என்றால் யோசிக்காமல் சேருங்கள். அது சம்பளம் சம்பந்தப்பட்ட முடிவு, இந்த ஒப்பீட்டுக்குள்ளேயே வராது. ஆனால் "என்னை நான் வளர்த்துக்கொள்ள" என்று மூன்றாவது பட்டத்தில் சேர்பவர்கள் தங்கள் ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அசைன்மென்ட் கடைசித் தேதி வரும்வரை புத்தகம் பிரிக்கப்படாது, பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கைடு வாங்கப்படும். அங்கே பழகுவது கடைசி நேரத்தில் தப்பிப்பதை. அது நமக்குக் கல்லூரி நாளிலேயே கைவந்த கலை. அரசியல் அறிவியலோ வரலாறோ உண்மையிலேயே பிடிக்கும் என்றால், பக்கத்து நூலகத்தில் உறுப்பினராகி அதே புத்தகங்களைத் தேர்வு இல்லாமல் படிப்பது மேல்.

நாலாவதுக்கு வருகிறேன். இதில்தான் எனக்குச் சார்பு உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குச் சாயங்காலங்களில் அவர்கள் குடியிருப்புக்கு அருகிலேயே தன்னார்வலர்கள் பாடம் நடத்தினார்கள். திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் மரத்தடியிலும் கூட வகுப்பு நடத்தலாம் என்பதை ஊர் மறுபடியும் பார்த்தது. திட்டம் இருக்கிறதோ இல்லையோ, அந்த வடிவம் யாருக்கும் திறந்தே இருக்கிறது. நாலைந்து பிள்ளைகள், ஒரு கரும்பலகை, ஒரு மொட்டைமாடி போதும். பிள்ளைகளின் பெற்றோரிடம் நேரில் பேசி, அக்கம்பக்கத்தார் கண்படும் திறந்த இடத்தில் நடத்த வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

அந்த மணி நேரத்துக்குள் என்ன நடக்கிறது? 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்கிறீர்கள். பையன் 35 என்று எழுதுகிறான். "ஏழுல ரெண்டு போனா அஞ்சு, அஞ்சுல ரெண்டு போனா மூணு." ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறான். அவன் பார்வையில் இது முழுக்க நியாயம். உங்கள் வாயில் "பக்கத்துல கடன் வாங்கு" என்ற வாக்கியம் தயாராக இருக்கிறது. சொன்னால் அவனும் வாங்குவான், எதற்கென்று தெரியாமல். சொல்லாமல் பத்து ரூபாய் நோட்டு ஐந்தையும் ஒரு ரூபாய் நாணயம் இரண்டையும் அவன் முன்னால் வைத்து, "எனக்கு 27 ரூபா குடு" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு நோட்டை எடுத்துத் தருவான். ஏழு ரூபாய்க்கு வந்ததும் கை நிற்கும். நாணயங்களைப் பார்ப்பான், நோட்டைப் பார்ப்பான், உங்களைப் பார்ப்பான். அந்த அரை நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருப்பது இருக்கிறதே, மூன்றாம் காலம் சரளியைவிடக் கஷ்டம். கடைசியில் அவனே சொல்வான்: "சில்லறை மாத்தணும் சார்." கழித்தலில் கடன் வாங்குவது என்பது சில்லறை மாற்றுவதுதான் என்று அவனுக்கு இனி யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஆக, இந்த ஒரு மணி நேரம் உங்களைப் பழக்குவது காத்திருப்பதற்கு. எதிராளி ஏன் தப்பாகச் சொல்கிறான் என்று அவன் பக்கத்திலிருந்து பார்ப்பதற்கு. தார்ன்டைக் சொன்ன ஒற்றுமை இங்கேதான் வலுவாக இருக்கிறது. வீட்டில் வளர்ந்த பிள்ளையோடு, ஆபீஸில் புதிதாக வந்தவரோடு, வயதான அம்மாவோடு நமக்குத் தேவைப்படுவது கிட்டத்தட்ட இதே காரியம்தான்: விடை தெரிந்தும் சொல்லாமல் ஒரு நிமிஷம் பொறுப்பது. ஓட்டத்திலோ பாட்டிலோ எதிரே இன்னொரு மனிதர் புரியாமல் விழிப்பதில்லை.

"சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்" என்று ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடலை எல்லாரும் சொல்வார்கள். அதன் முடிவைப் பலர் சொல்வதில்லை: "நட்பும் தயையும் கொடையும் பிறவிக் குணம்." அந்தப் பாட்டுப்படி பார்த்தால் பாட்டும் படிப்பும் பழகினால் வரும், தருகிற குணம் மட்டும் பிறக்கும்போதே இருந்தால்தான் உண்டு. பாட்டியோடு எனக்குச் சண்டை இந்த ஓர் இடத்தில்தான். இரக்கம் பிறவியிலேயே வருகிறதோ என்னவோ, தருவது கைப்பழக்கம்தான். முதல் மாதம் எரிந்து விழுந்தவர் ஆறாவது மாதம் நாணயத்தை எடுத்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதை ஒரு வகுப்பில் பார்த்துவிட்டால் நீங்களும் என் பக்கம் வருவீர்கள்.

இதுவும் எடுத்துக்கொள்ளும். சாயங்காலத்தை எடுத்துக்கொள்ளும், அது பலருக்குக் குடும்பத்தின் நேரம். ஆபீஸ் விட்டு ஏழரைக்கு வருபவருக்கு வார நாளில் இது நடக்காது. சனி, ஞாயிறு காலை என்று வைத்துக்கொண்டால் மணிக்கணக்கு குறையும். அப்புறம், நாலு பேர் "சார்" என்று கூப்பிடத் தொடங்கியதும் நமக்கு உபதேச வியாதி வரும். கணக்குச் சொல்லித்தர வந்தவர் வாழ்க்கையைச் சொல்லித்தர ஆரம்பித்தால் பிள்ளைகள் மெல்லக் கழன்றுகொள்வார்கள். அது அவர்களுடைய புத்திசாலித்தனம்.

இன்னொரு விதத்திலும் நாலாவது ஜெயிக்கிறது. மனசில்லாத நாளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மழை பெய்தால் ஓட்டம் ரத்து. தொண்டை கரகரத்தால் பாட்டு ரத்து. பட்டப் படிப்பு பெரும்பாலான நாட்களில் ரத்தாகித்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் நோட்டோடு வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். "சார், இன்னிக்கு இல்லையா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதைவிட வகுப்பை நடத்துவது எளிது. உறுதி குறைந்த நம் போன்றவர்களுக்கு இந்த வெளிக்கட்டாயம் ஒரு வரப்பிரசாதம். பாட்டு வகுப்பிலும் டீச்சர் காத்திருக்கிறார் என்பதால் கொஞ்சம் உண்டு, ஓட்டத்தில் குழுவோடு ஓடினால்தான் உண்டு.

எதில் இறங்கினாலும் ஒரு மாதத்தில் தீர்ப்பு எழுதாதீர்கள். லண்டனில் 96 பேரை வைத்து நடந்து 2010-இல் அச்சான ஓர் ஆய்வில், புதிய பழக்கம் ஒன்று யோசிக்காமல் தானாக நடக்கிற நிலைக்கு வர நடுவாந்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை போனது. அவர்கள் எடுத்துக்கொண்டதும் தினம் ஒரு பழம் சாப்பிடுவது, கொஞ்சம் நடப்பது போன்ற சின்னக் காரியங்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் குடி முழுகிவிடவில்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு. ஆகவே மூன்று மாதம் கண்ணை மூடிக்கொண்டு கொடுங்கள். இருபத்தொரு நாள் சவால் என்று விளம்பரம் வந்தால் தள்ளிவிட்டுப் போங்கள்.

என் சிபாரிசு இப்படி. ராத்திரி தூக்கம் சரியில்லை, சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்றால் வேறு பேச்சே வேண்டாம், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு ஓட்டம் அல்லது வேக நடை. உடம்பு ஒழுங்காக இருந்து, கோபமும் அவசரமும்தான் உங்கள் பிரச்சினை என்றால், வீட்டில் இருப்பவர்கள் அதைச் சொல்லியும் இருப்பார்கள், பிள்ளைகளுக்குப் பாடம். நாள் முழுக்க அடுத்தவர்களோடு பேசியே தீர்ந்துபோகிற வேலை, அதாவது ஆசிரியர், நர்ஸ், கஸ்டமர் கேர் என்றால் மறுபடியும் மனிதர்களிடம் போகாதீர்கள், பாட்டுதான் உங்களுக்கு. தப்பைச் சுட்டிக்காட்ட யாருக்கும் தைரியம் வராத பெரிய நாற்காலியில் இருப்பவர்களுக்கும் பாட்டையே சொல்வேன். "ரி ஏறுது" என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒருவராவது இருப்பார்.

இவ்வளவுக்குப் பிறகும் பாட்டா பாடமா என்று தீரவில்லையென்றால் தூரத்தைப் பாருங்கள். நடந்து பத்து நிமிஷத்தில் போக முடிகிற பாட்டு டீச்சர் கிடைத்தால் சேர்ந்துவிடலாம். ஊரிலேயே பெரிய வித்வான் என்றாலும் இரண்டு பஸ் மாற வேண்டும் என்றால் வேண்டாம், ஐப்பசி மழையோடு அந்த வகுப்பு நின்றுவிடும். பாடம் சொல்லித்தருவதாக இருந்தால் உங்கள் தெருவிலேயே பிள்ளைகளைத் தேடுங்கள். சேர்க்கையை ஜூனில் வைத்துக்கொள்ளுங்கள், பள்ளி திறக்கிற நேரம். ஜனவரி ஒன்றாம் தேதி ஆரம்பித்தால் இரண்டே வாரத்தில் பொங்கல் லீவில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள்.